ஆமைக்கு முன்னால் ஒரு குதிரை

அத்தியாயம் 16

நாலு நாளாக ஒரு கேள்வியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள் மருமகள்.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு அத்தை எங்கே போகிறார்?

பிசியோதெரபிக்குத்தான் என்று வீடே நம்பியிருந்தது. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்ட மாமியாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சி அது. நாலு நாளைக்கு முன்னால், நேரத்தை அரைமணி தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க இவள் போன் செய்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அவங்க வந்து ஏழு மாசம் ஆச்சே மேடம்” என்றாள்.

ஏழு மாசம்.

மருமகளுக்குப் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடும் வேலை. எந்த வண்டி எந்த நிமிஷம் எந்தத் திருப்பத்தில் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். டிப்போவில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்றே பேர். அப்பேர்ப்பட்டவளின் வீட்டிலிருந்து ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவை அட்டவணையில் இல்லாத இடத்துக்குப் போய்விட்டு, சரியாக ஆறரைக்குத் திரும்பி வந்து, “அப்பாடா, கை நல்லா அசையுது” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கணவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும்.

அவன் அதே டிப்போவில் டிரைவர். பதினாறு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா போனதிலிருந்து, அம்மா விஷயம் என்று வந்தால் மட்டும் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டான். மணிக்கட்டு முறிந்த பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினான். தனியாக மாடிப்படி இறங்கக் கூடாது, ஸ்டூலில் ஏறக் கூடாது என்று ஆரம்பித்து வரிசையாகப் போகும் அந்தத் தாள். அதை டைப் அடித்து, கட்டம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தவள் மருமகள்தான்.

மாமியாரிடமும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் வேறு. இந்த ஏழு மாசமாகத்தான் அத்தை சாப்பாட்டு மேஜையில் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தார். எங்கே போனாலும் சரி, சிரிப்போடு திரும்பி வருகிறாரே. அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று பயம்.

இப்படி நாலு நாள் ஓடி, ஊரில் வருஷா வருஷம் நடக்கும் விடுமுறை நாள் ஊர்வலமும் வந்துவிட்டது.

*

காலை எட்டு மணிக்கெல்லாம் நூலகத்துக்குப் பின்னால் இருந்த அகலமான தெருவில் அலங்கார ஊர்திகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. பூவால் ஆன கப்பல், பூவால் ஆன பியானோ, பூவால் ஆன ஒரு பெரிய ஷூ. பதினெட்டாவதாக நின்றது டிப்போவின் ஆமை.

“ஊர் ஜனங்க எப்படியும் நம்ம பஸ்ஸை ஆமைன்னுதான் சொல்றாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா என்ன” என்று மெக்கானிக் ஒருவர் கொடுத்த யோசனை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, பத்து நாள் ராப்பகலாக உட்கார்ந்து ஒட்டிவிட்டார்கள். ஓடு முழுக்க மஞ்சளும் செம்பழுப்புமாகச் சாமந்தி. ஓட்டின் விளிம்பில் ரோஜாக்கள், ஒவ்வொன்றின் காம்பும் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய்க்குள். கால்களுக்குக் காய்ந்த இலை. கண்ணுக்குக் கறுப்பு விதை.

ஆமையின் வயிற்றில் ஒரு சின்னக் கதவு. அதன் வழியாகத்தான் டிரைவர் உள்ளே போக வேண்டும். உட்கார்ந்தால் கழுத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சாண் இடுக்கு வழியாக ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு தெரியும். வேறெதுவும் தெரியாது. எதிரே யானை வந்து நின்றாலும் அதன் கால் நகத்தைத்தான் பார்ப்பான்.

அதனால் முன்னால் நடந்துகொண்டே வாக்கி டாக்கியில் வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும். வழக்கமாக அதைச் செய்யும் கண்டக்டர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட்டார். “வீட்டுல வழி சொல்றவங்களே ரோட்டுலயும் சொல்லட்டும்” என்று டிப்போக்காரர்கள் கடிகாரத்தின் கையில் வாக்கி டாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

கதவுக்குள் தலையை நுழைக்கும் முன் அவன் திரும்பினான்.

“நேர், இடது, வலது, நில். இந்த நாலு வார்த்தை போதும். நீ நில்னு சொன்னா நிப்பேன். ஏன்னு அப்புறம்தான் கேட்பேன்.”

“வீட்டுலயும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.”

அவன் சிரித்தான். உடனே முகம் மாறியது. “அம்மாவுக்கு ஊர்வலம் பார்க்கற மேடையில மூணாவது வரிசையில சீட் வாங்கிக் கொடுத்திருக்கேன். கீழ் வீட்டு டீச்சரோட வந்துடறேன்னாங்க. குஷன் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். எடுத்தாங்களா?”

“தெரியலைங்க. நாம எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க.”

“வழியில பார்த்தா சொல்லு.”

அவன் ஆமைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

*

பதினேழாவது எண் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து வரிசையில் சேர்ந்தது. குளம்புச் சத்தம்தான் முதலில் கேட்டது.

பன்னிரண்டு குதிரைகள், இரண்டு இரண்டாக. மேலே பன்னிரண்டு பெண்கள். கருநீலக் கோட்டு, தாடைக்கு அடியில் வார் போட்ட தொப்பி. ஒருத்திக்கும் வயது ஐம்பதுக்குக் குறைவாக இருக்கும் என்று தோன்றவில்லை. அவர்களை நடத்திவந்த பயிற்சிக்காரி மட்டும் கீழே நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் நகராட்சித் துப்புரவுப் பணியாளர் இரண்டு பேர், சக்கரத் தொட்டியும் மண்வாரியுமாக. அதில் ஒருவர் பனைமரம் மாதிரி நெட்டை.

கடைசி ஜோடியில் இடது பக்கம் ஒரு தவிட்டு நிறக் குதிரை. அதன் மேல் இருந்த பெண்ணின் முதுகை மருமகள் சும்மாதான் பார்த்தாள். அப்புறம் பார்வையை எடுக்க முடியவில்லை.

அந்த இடது தோள் கொஞ்சம் தூக்கினாற்போல் இருந்தது. காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு படியேறும்போது தூக்குகிற அதே தோள். அந்தப் பெண் கையை உயர்த்தி வலது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். முடி ஒன்றும் கலைந்திருக்கவில்லை. டாக்டர் அறைக்குள் கூப்பிடும்போது, யாராவது போட்டோ எடுக்கும்போது, பெரிதாக ஏதாவது நடக்கப்போகும்போதெல்லாம் மாமியார் செய்கிற காரியம் அது.

இடது மணிக்கட்டில் தோல் நிறப் பட்டை.

அத்தையேதான்.

அந்த நேரம் பார்த்து அவர் திரும்பினார்.

இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. மாமியார் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. ஜாடை எதுவும் காட்டவில்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அறுபத்தோரு வயசு. பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பெண்ணின் முகம்.

கையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“அம்மா கண்ணுல பட்டாங்களா?”

மருமகள் பொத்தானை அழுத்தினாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், இப்போதே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவான்.

“பட்டாங்க. இங்கிருந்து நல்லாவே தெரியறாங்க.”

“நல்ல இடமா? உயரமா இருக்கா?”

“உயரம்தான்.”

“சாய்ஞ்சுக்க ஏதாவது இருக்கா?”

“அதெல்லாம் இல்ல. ஆனா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்காங்க.”

“முதுகு வலிக்கும்னு சொல்லுவாங்களே. பக்கத்துல யாரு, டீச்சரா?”

“டீச்சரைக் காணோம். லேடீஸ்தான் நிறையப் பேர் இருக்காங்க. பேச்சுத்துணைக்குக் குறைவில்ல.”

“அப்ப சரி. நிம்மதி” என்றான் ஆமைக்குள்ளிருந்து.

மருமகள் தலை நிமிர்ந்தாள். மாமியார் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தன் முதுகை நிமிர்த்திக் காட்டினாள். நேராக உட்காருங்கள் என்பதுபோல. மாமியாரின் தோள் இரண்டும் மெல்ல இறங்கிச் சமமாகின. அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். ஊர்வலம் நகர்ந்தது.

*

முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. “நேர். கொஞ்சம் இடது. நேர்.” ஆமையைப் பார்த்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஆறாம் நம்பர் பஸ் இன்னிக்குச் சீக்கிரமே வந்துடுச்சு” என்று ஒருவர் கத்தினார். பின்னால் தபால்துறை ஊழியர்களின் பேண்டு வாத்தியக் குழு வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பெரிய டிரம் ஒவ்வொரு அடிக்கும் வயிற்றுக்குள் போய் முழங்கிற்று. எல்லாரையும்விட அதிகக் கைதட்டல் வாங்கியவர் நெட்டைதான். ஒவ்வொரு தடவை மண்வாரியால் அள்ளித் தொட்டியில் போட்ட பிறகும் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தார்.

மருமகளின் கண் ரோட்டில் பாதி, தவிட்டு நிற முதுகில் பாதி.

தபால் ஆபீஸைத் தாண்டியதும் ரோடு இறக்கம். இறக்கத்தின் பாதியில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தின் மேல் ரோட்டின் அகலத்துக்கு இரும்புத் தகடுகள் போட்டிருந்தார்கள். முதல் ஜோடிக் குதிரைகள் அதன் மேல் கால் வைத்தபோது ‘டணார்’ என்றது. காதை மடக்கிக்கொண்டு தாண்டிவிட்டன. அடுத்த ஜோடியும் தாண்டியது. அதற்கடுத்ததும்.

கடைசி ஜோடியில் வலது பக்கக் குதிரை தாண்டியது. தவிட்டு நிறக் குதிரை நின்றுவிட்டது.

முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தைத் தூக்கி, மூக்கால் சீறியது. ஒரு எட்டு பின்னால் வைத்தது. பின்னாலேயே இரண்டு பஸ் கனமுள்ள ஆமை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

“நில்.”

நின்றது. ஒரு ரோஜா கூட ஆடவில்லை. ஆமை மேல் மோதாமல் தபால்காரர்களும் நின்றுவிட்டார்கள். ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை.

மஞ்சள் சட்டை போட்ட ஊர்வலப் பொறுப்பாளர் ஓடிவந்தார். “அந்த அம்மாவை இறக்கிடுங்க. குதிரையை ஓரமாப் பிடிச்சுட்டுப் போயிடலாம். பின்னாடி முப்பது வண்டி நிக்குது.”

பயிற்சிக்காரி கடிவாளத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். மேலேயிருந்து மாமியார் சொன்னார், “வேண்டாம். ஒரு ரெண்டு நிமிஷம் கொடுங்க.”

குரலில் நடுக்கம் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

வாக்கி டாக்கி கேட்டது, “என்ன ஆச்சு?”

“குதிரை ஒண்ணு தகடு மேல ஏற மாட்டேங்குது.”

“மேல இருக்கறவங்களை இறங்கச் சொல்லு. இறக்கத்துல எவ்வளவு நேரம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கறது?”

“இறங்க மாட்டேங்கறாங்க.”

“யாரும்மா அது, இவ்வளவு பிடிவாதம்?”

இதற்கு மேல் அவள் சுற்றி வளைக்கவில்லை.

“உங்க அம்மா.”

வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல்.

“என்னங்க?”

“விளையாடாதே.”

“விளையாடலை. ஏழு மாசமா பிசியோவுக்குப் போகலை. குதிரை ஏறத்தான் போயிருக்காங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இப்ப எனக்குப் பத்தடி முன்னாடி குதிரை மேல இருக்காங்க.”

ஆமையின் வயிற்றுக் கதவு படபடவென்று ஆடியது. திறக்கவில்லை. அவள் சட்டென்று புரிந்துகொண்டாள். அவனால் வர முடியாது. கைப்பிரேக் மட்டும் அந்தக் கனத்தைத் தாங்காது; காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால் அத்தனையும் இறக்கத்தில் உருளும். உருண்டால் நேராக அம்மா மேல்.

அவன் குரல் வந்தபோது அடையாளமே தெரியவில்லை. “எனக்கு ஒண்ணுமே தெரியலை. இந்த வெள்ளைக் கோடுதான் தெரியுது. என்ன நடக்குதுன்னு சொல்லு. நிறுத்தாம சொல்லிக்கிட்டே இரு.”

அவள் சொன்னாள்.

“நேரா உட்கார்ந்திருக்காங்க. பயமாத்தான் இருக்கு அவங்களுக்கு, உதட்டைக் கடிச்சுக்கிட்டிருக்காங்க. கடிவாளத்தை இழுக்கலை, தளர்த்திட்டாங்க. குனிஞ்சு கழுத்தைத் தடவிக் கொடுக்கறாங்க.”

“எந்தக் கையால?”

“இடது கையால.”

“முறிஞ்ச கையாலயா?”

“அதே கையாலதான்.”

குதிரை மறுபடி சீறியது. பின்னால் பெரிய டிரம் முழங்க, அதன் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடிற்று. மாமியார் திரும்பாமலே கூப்பிட்டார்.

“அந்த டிரம்மைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா.”

இத்தனை வருஷத்தில் அத்தை தன்னிடம் உதவி என்று கேட்டது இதுதான் முதல் தடவையோ என்று மருமகளுக்குத் தோன்றியது. ஆமையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பேண்டு மாஸ்டர் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றாள். “எங்க அத்தை முன்னாடி குதிரை மேல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. தயவுசெஞ்சு சத்தமில்லாம இருங்க.” அவர் கையிலிருந்த கோலை இறக்கினார். நாற்பது தபால்காரர்களும் ஒரே சமயத்தில் ஓய்ந்தார்கள்.

திரும்பி ஓடிவந்தபோது நெட்டை ரோட்டின் நடுவில் நின்று, மண்வாரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தின் இரண்டு பக்கமும் காட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நேரம் அவரைப் பார்த்துச் சிரித்த கூட்டம் இப்போது அவர் சொல்படி வாயை மூடிக்கொண்டது.

அந்த இறக்கத்தில் இலை விழுந்தால் கேட்கும்.

“ஏன் சத்தமே இல்ல?” என்றான் அவன். “என்ன ஆச்சு, சொல்லேன்.”

அவள் கிசுகிசுத்தாள். “அம்மா குதிரைகிட்ட ஏதோ பேசறாங்க. அது காதைத் திருப்பிக் கேட்குது. தலையை இறக்கிடுச்சு. தகட்டை மோந்து பார்க்குது. அம்மா அவசரப்படுத்தலை, பார்க்கட்டும்னு விட்டுட்டாங்க. ஒரு கால் வெச்சுடுச்சு.”

‘டண்’ என்று ஒரு சத்தம். அவனுக்கும் கேட்டிருக்கும்.

“எடுத்துடுச்சா?”

“எடுக்கலை. ரெண்டாவது காலும் வெச்சாச்சு. போகுது. போகுதுங்க. தாண்டிட்டாங்க.”

யாரும் கைதட்டவில்லை. நெட்டைதான் விரலை இன்னும் எடுக்கவில்லையே. தவிட்டு நிறக் குதிரை பத்தடி போய் ஜோடியோடு சேர்ந்த பிறகுதான் அவர் கையை இறக்கினார். அப்புறம் வந்த கைதட்டல் கீழே முச்சந்தி வரைக்கும் போயிற்று.

மருமகள் காத்திருந்தாள். அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

“நேரா, இடதா?”

“நேர்” என்றாள்.

அதற்குப் பிறகு ஊர்வலம் முடியும்வரை இருவருக்கும் நடுவே அந்த நாலு வார்த்தைதான். ஒரே ஒரு தடவை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அழறீங்களா?”

“பூத்தூள்” என்றான்.

*

ஊர்வலம் ஒரு விளையாட்டு மைதானத்தில் போய் முடிந்தது. ஆமையை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு அவன் வெளியே வந்தான். தலையெல்லாம் சாமந்தி இதழ். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நேராகக் குதிரைகள் நின்ற பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

மாமியார் கீழே இறங்கியிருந்தார். சேணத்தை அவிழ்த்துவிட்டு ஈரத்துணியால் குதிரையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொப்பி அழுத்தியதில் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. மகன் வருவதைப் பார்த்தும் துடைப்பதை நிறுத்தவில்லை.

“ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

“சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

“வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதான்.”

“விழுந்திருந்தா?”

“விழுந்தேனே. மூணு தடவை. முட்டி நீலமா இருந்துச்சே, கட்டில் கால் இடிச்சிடுச்சுன்னு சொன்னேனே, அது ஒரு தடவை.”

அவன் அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

மாமியார் துணியைப் பிழிந்தார். “உங்க டிப்போ வண்டிதான்டா காரணம். பிசியோவுக்குப் போற ஆறாம் நம்பர், லாயத்துக்கு எதிர்ல நின்னு போச்சு. அடுத்த வண்டி வர நாற்பது நிமிஷம் ஆகும்னாங்க.”

“முப்பத்தஞ்சு” என்றாள் மருமகள், தன்னையறியாமல்.

“இருக்கும். சும்மா வேலியோரமா நின்னேன். இது வந்து என் சட்டைக் கையை மோந்து பார்த்துச்சு. அங்க இருக்கற பொண்ணு, ‘ஏறிப் பார்க்கறீங்களா’ன்னு கேட்டா. கீழ விழுந்துடுவீங்கன்னு சொல்லலைப்பா. ஏறிப் பார்க்கறீங்களான்னு கேட்டா.” குதிரையின் நெற்றியைத் தடவினார். “உங்கப்பா போனப்புறம் என்னை யாரும் அப்படி ஒண்ணு கேட்கலை. மாத்திரை போட்டாச்சா, குளிக்கறப்ப கதவைத் தாழ் போடலையே, இதுதான். நீ ஃபிரிட்ஜ்ல ஒட்டின தாள்ல பதினொரு வரி இருக்கு. பதினொண்ணும் கூடாது, கூடாதுன்னுதான் முடியுது.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள். பதினொரு வரியையும் அடித்த விரல்கள் அவளுடையவை. அடிக்கும்போது ஓரம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாளே தவிர, முடிவு எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை” என்றாள்.

“சொல்லணும்னு ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ இவன்கிட்ட மறைக்கணும். புருஷன்கிட்ட மறைச்சுக்கிட்டு ஒரே வீட்டுல வளைய வர்றது லேசுப்பட்ட காரியமில்ல. என் சந்தோஷத்துக்கு நீ ஏன் அந்தப் பாடு படணும்?”

“நாலு நாளா அந்தப் பாடுதான் பட்டேன்.”

அவன் நிமிர்ந்தான். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“பிசியோவுக்குப் போகலைன்னு மட்டும் தெரியும்.”

“ரெண்டு பேரும் சேர்ந்து...” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவன் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பையனின் முகம். “நான் என்ன அவ்வளவு பயங்கரமானவனா? பேசவே முடியாத ஆளா?”

மாமியார் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் பக்கத்தில் வந்தார். அவன் தலையிலிருந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“பயங்கரமானவன் இல்ல. பயந்தவன். உங்கப்பாவுக்கு அன்னிக்கு நெஞ்சு வலிச்சப்ப நீ வண்டி ஓட்டிக்கிட்டிருந்தே. உனக்கு ஒண்ணும் தெரியலை. அதுலேருந்து எல்லாமே உன் கண் முன்னாடி இருக்கணும்னு நினைக்கறே. எனக்குத் தெரியாதா?”

அவன் அம்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பட்டையைத் தள்ளிவிட்டு, எலும்பு ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். “இன்னிக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலைம்மா” என்றான். “இவ சொல்லச் சொல்லத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“என்ன சொன்னா?”

“நீ அவசரப்படுத்தலைன்னு சொன்னா.”

மாமியார் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் வாக்கி டாக்கியின் பொத்தானைத் தேவையில்லாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

“சரி, வீட்டுக்குப் போலாம்” என்று அவன் எழுந்தான்.

“நீங்க போங்க. எனக்கு இன்னும் ஒரு மணி நேர வேலை இருக்கு. இதுக்குத் தண்ணி காட்டணும், குளம்பு பார்க்கணும், லாயத்துல கொண்டுபோய் விடணும்.”

“நானும் இருக்கேன்.”

“உனக்குக் குதிரைன்னா பயமாச்சே.”

“இருக்கேன்னு சொல்றேன்ல.”

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். நிரப்பிக் கொண்டுவந்து, கை முடிந்த மட்டும் தள்ளி நீட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். குதிரை மூக்கை உள்ளே விட்டது. தண்ணீர் உறிஞ்சும் சத்தத்தில் அவன் தோள் முதலில் விறைத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். குதிரையின் கண் இமை மயிர் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் கவனித்தான் போல.

“இதுக்குப் பேர் என்னம்மா?”

“தவிடு.”

“இதெல்லாம் ஒரு பேரா?”

மருமகள் சிரித்துவிட்டாள். மாமியாரும் சிரித்தார். நாலு நாளாகத் தொண்டையில் நின்றது கரைந்து போனதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் பயிற்சிக்காரி வந்தாள். மாமியாரைத் தோளோடு சேர்த்து ஓர் அணைப்பு அணைத்தாள். “இன்னிக்கு நீங்கதான்மா ஹீரோ” என்றாள். அதே மூச்சில், “சொல்ல மறந்துட்டேன், லாயத்து மேல் ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க நாளைக்கே ஆள் வருது. ஒண்ணாம் தேதி நீங்க குடிவர்றதுக்குள்ள வாசனையெல்லாம் போயிடும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த குதிரையின் சேணத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

மைதானத்தின் அந்தப் பக்கம் தபால்காரர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்த ரூம்?” என்றான் அவன்.

மாமியார் மருமகளைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். வலது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினார்.

“வாளியை முதல்ல கீழ வை” என்றார். “சொல்றேன்.”

அவன் கீழே வைக்கவில்லை. குதிரை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.